அண்ணான்ர உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி

மன்னார்ப் பக்கம் காட்டுக்க இருக்கிற மடுக் கோயில் மாதாவுக்கு அம்மா வச்ச நேர்த்தியை இந்த ஆவணித் திருவிழாவோட குடுத்து முடிச்சாச்சு. அண்ணா வரேல்ல. அவன் வந்தா அவன்ர உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்துவன் எண்டுதான் கேட்டவ. 2009ல வன்னியில சனத்தோட சனமா வரேக்க காணாமப் போனவன், அதுக்குப் பிறகு அம்மா ஏறாத கந்தோர் இல்லை, படம் குடுக்காத இடம் இல்லை. இப்ப முழங்கால் ஏலாமப் போச்சு. "இனியும் வச்சிருக்கக் கூடாது, கொளுத்திப்போட்டு வருவம்" எண்டு நிண்டா. எனக்கெண்டா கோவம். கேட்டது கிடைக்காம என்னத்துக்கு நேர்த்தி எண்டு கேட்டே விட்டன். "தந்தாத்தான் தருவன் எண்டு பேரம் பேசினது நான்தான் பிள்ளை, அவவில்லை" எண்டா. அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல, வான் பிடிச்சன்.

மெழுகுதிரி செய்யிறவர் ரெண்டு துண்டாச் செய்து தாறன், கொண்டு போக லேசு எண்டார். அம்மா விடேல்ல. அவன் அஞ்சடி எட்டு, ரெண்டாக்க வேண்டாம் எண்டிட்டா. ஆவணி வெயிலுக்கு வளைஞ்சு போகும் எண்டு ஈரச் சாக்கால சுத்தி வானுக்குள்ள நீட்டுக்குக் கிடத்தினம், ஏறினாக்கள் எல்லாரும் காலைத் தூக்கி வச்சுக்கொண்டுதான் இருந்தவை. சின்னம்மா அதைப் பாத்திட்டுக் குருசு போட்டா. ஏனெண்டு எனக்கு விளங்கினது, ஒருத்தரும் வாய் திறக்கேல்ல.

மடுச் சந்தி தாண்டினா வாகனம் ஊர்ந்துதான் போகுது. காட்டுக்க நல்ல நிழலை எல்லாம் முதலே வந்தவை கயிறு கட்டிப் பிடிச்சு வச்சிருக்கினம், ஆக்கள் இல்லை, கயிறு மட்டும் இருக்குது! தண்ணி பவுசருக்கு லைன், டொய்லட்டுக்கு அதைவிட லைன். மெழுகுதிரி விக்கிற பெடியள் "அக்கா மாதாவுக்கு அக்கா" எண்டு சட்டையைப் பிடிச்சு இழுக்குறாங்கள், எங்கட தோளில ஆள் உயரத்துக்கு ஒண்டு கிடக்குது, அதைப் பாத்திட்டும் விக்கப் பாக்குறாங்கள்.

எனக்கு மடு வேற இடம். 1999ல இடம்பெயர்ந்து அங்கதான் கிடந்தனாங்கள். கோயில் வளவெண்டா பயமில்லை எண்டு நம்பித்தான் அவ்வளவு சனமும் வந்தது. கார்த்திகை 20 இரவு அங்கயே செல் விழுந்தது. முப்பதுக்கு மேல சனம், அதில சின்னப் பிள்ளையள் எத்தினை. எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் கீறல் கூட இல்லை. மாதா காப்பாத்தினவ எண்டு அம்மா இண்டைக்கும் சொல்லுவா, நானும் சின்னனில அப்பிடித்தான் நம்பினன். வளர வளரத்தான் அந்தக் கேள்வி வந்து குந்திக்கொண்டது, அப்ப மற்றப் பிள்ளையளின்ர தாய்மார் செபம் சொல்லேல்லையா? அதுகளும் செபமாலையோடதானே இருந்ததுகள். ஒரு சுவாமியிட்டக் கேட்டனான். அவர் கன நேரம் பேசாம இருந்திட்டு, தனக்கும் தெரியாது எண்டார். பெரிய பிரசங்கம் வைக்காம விட்டதுக்கு அவருக்குப் புண்ணியம்.

மாதாவே நிம்மதியா இருந்தவவோ எண்டா அதுவும் இல்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை வதைச்ச காலம், 1670ல மாந்தையில இருந்து சனம் தூக்கிக்கொண்டு காட்டுக்க ஓடி வந்த சொரூபம் அது. 2008 சித்திரையில சண்டை கிட்ட வர சுவாமிமார் தேவன்பிட்டிக்குக் கொண்டு போனவை, ஆவணியிலதான் திரும்பி வந்தது. இடம்பெயர்றது எண்டா என்னெண்டு அவவுக்குத் தெரியும், அதாலதான் எவ்வளவு கோவம் வந்தாலும் அவவை விட்டிட்டுப் போக எனக்கு ஏலாமக் கிடக்குது.

அண்டிரவு படுத்திருக்க லவுட்ஸ்பீக்கர் ஓயேல்ல. தமிழிலயும் சிங்களத்திலயும் மாறி மாறி, நீலச் சேர்ட் போட்ட அஞ்சு வயசுப் பெடியன் ஒருத்தன் இருக்கிறான், தாய் தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு. ஒவ்வொருக்காலும் அம்மா கதையை நிப்பாட்டிப்போட்டுக் காது குடுத்துக் கேப்பா. அறிவிச்சு முடியத்தான் பாய்க்குத் திரும்புவா. நடுச்சாமம் கழிய எனக்குத் தாங்கேல்ல, அம்மா அது சின்னப் பிள்ளையள் எண்டன். "தெரியும்" எண்டா. கொஞ்சத்தால, "அவவும் மகனைத் துலைச்சிட்டுத் தேடினவதானே. மூண்டு நாள்" எண்டா. மாதா சின்ன வயசு இயேசுவை மூண்டு நாளில கோயில்ல வச்சுக் கண்டு பிடிச்சிட்டா, ஏனப்பு இப்பிடிச் செய்தனீ எண்டு மகனிட்டக் கேக்கவும் அவவுக்குக் கிடைச்சது. அம்மாக்கு அதைக் கேக்கிறதுக்குக் கூட ஆளில்லை.

விடிய மாதாவுக்கு முன்னால போய் நிக்கேக்க நான் செபமே சொல்லேல்ல. பின்னால இருந்து தள்ளுறாங்கள், ஒரு மனுசி என்ர காலை மிதிச்சுக்கொண்டே அருள் நிறைந்த மரியே சொல்லுது, நான் அந்தச் சின்ன முகத்தை நிமிந்து பாத்து, தாயே உங்களுக்கு மூண்டு நாள், எங்கட அம்மாக்கு எத்தினை வருசம், கணக்குப் பாத்தீங்களோ எண்டு கேட்டன். சத்தமாவே கேட்டிட்டன் போல, பக்கத்தில நிண்டவை திரும்பிப் பாத்தவை. பதில் ஒண்டும் வரேல்ல, நெஞ்சில இருந்த பாரம் இறங்கினது எண்டும் சொல்லமாட்டன். ஆனா இவ்வளவு காலமும் மாதாவோட கதைக்காமத் திரிஞ்சனான், அண்டைக்குத்தான் கதைச்சனான்.

மெழுகுதிரியை நிமித்தத்தான் பெரிய பாடு. என்ன சாக்குச் சுத்தியும் நடுவில கொஞ்சம் வளைஞ்சு போச்சு, நிக்குதில்லை. ஒரு சிங்கள ஐயா ஓடி வந்து பிடிச்சார், கையில உருகி ஊத்துது, விடேல்ல. ஆருக்கு எண்டு சைகையில கேட்டார். அம்மா தன்ர தலைக்கு மேல கையைத் தூக்கி இவ்வளவு உயரம் எண்டு காட்டினா. அந்த மனுசன் மெழுகுதிரியை ஒருக்கா மேல இருந்து கீழ மட்டும் பாத்தார், பிறகு அவர்ர கண்ணும் கலங்கிட்டுது.

நன்றி மடு அம்மா, அந்த மனுசனுக்காக நன்றி, ஏலாத முழங்காலோட அம்மாவைக் கொண்டு வந்து சேத்ததுக்கு நன்றி, தன்ர தண்ணிப் போத்திலை அம்மாட்டத் தந்திட்டுப் பேர் கூடச் சொல்லாமப் போன பிள்ளைக்கு, நித்திரை கொள்ளாம ஓடின டிரைவர் தம்பிக்கு, 99ல நான் தப்பினதுக்கு, அதை இனியும் எனக்கு விளங்கப்படுத்த ஏலாட்டிலும் நன்றி. அண்ணாவை உங்களிட்டத் தந்திருக்கிறம், உயிரோட இருந்தாலும் இல்லாட்டிலும், எங்க எண்டு மட்டும் சொல்லுங்கோ.

திரும்பி வரேக்க வானுக்குள்ள காலை நீட்டி இருக்கலாம், எண்டாலும் பாதி வழி மட்டும் ஒருத்தரும் நீட்டேல்ல. அம்மா அடுத்த ஆடித் திருவிழாவுக்கும் என்னவோ நேர்த்தி வச்சிட்டாவாம். என்னெண்டு கேட்டா சொல்றாவில்லை, "நீ லீவைப் போட்டு வானைப் பிடி, மிச்சத்தை நாங்கள் ரெண்டு பேரும் பாப்பம்" எண்டுறா.