கடைமடைக்காரன் தலைமடைக்குக் குடிவந்த கதை

பக்கத்து வீட்டு அம்மா அன்றைக்குக் காலையிலேயே தரையில் பச்சைப் புல்லைப் பரப்பியிருந்தார். சாம்பிராணி வாசனை எங்கள் ஜன்னல் வரைக்கும் வந்தது. ஊரில் என்றால் வெள்ளிக்கிழமை என்று நினைத்திருப்பேன். இங்கே, எத்தியோப்பியாவில், புல்லும் புகையும் சேர்ந்தால் காப்பி. டம்ளரை ஆற்றி நீட்டுகிற காப்பி இல்லை. பச்சைக் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, இடித்து, கழுத்து நீண்ட மண் ஜாடியில் கொதிக்கவைத்து, அபோல், தோனா, பரக்கா என்று மூன்று சுற்று. தொட்டுக்கொள்ளச் சோளப்பொரி. மூன்றாவது சுற்றுக்கு முன்னால் எழுந்துபோனால் மரியாதை இல்லை.

தொலைக்காட்சியில் அணை. 2025 செப்டம்பர் 9. அபாய் ஆற்றின் குறுக்கே, சூடான் எல்லையை ஒட்டி, பதினான்கு வருடமாகக் கட்டிய அணையைத் திறந்துவைக்கிறார்கள். நாம் நீல நைல் என்று படித்ததைத்தான் இவர்கள் அபாய் என்கிறார்கள். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "உனக்கும் சந்தோஷம்தானே? இத்தனை வருஷம் எங்கள் தண்ணீரைக் குடித்திருக்கிறாயே."

"ரொம்ப சந்தோஷம்" என்றேன். பொரி தொண்டையில் நின்றது. நான் தலைஞாயிறு பக்கத்துக்காரன். காவிரியின் கடைமடை. மேலே எவரோ அணை கட்டினார் என்று கேள்விப்பட்டு எங்கள் ஊரில் யாரும் பொரி சாப்பிட்டதில்லை.

எத்தியோப்பியாவுக்கு, இந்த பஹிர் தாருக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. ஒரு பல்கலைக்கழகத்தில் வாத்தியார் வேலை. எல்லாம் பழகிவிட்டது. இப்படிச் சொல்லும்போதுதான் பழகாதவை ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வருகின்றன.

2017 அக்டோபரில் விமானம் ஏறினேன். இறங்கிய இடத்தில் வருடம் 2010. இவர்கள் நாட்காட்டி ஏழெட்டு வருடம் பின்னால் போகிறது, மாதம் பதின்மூன்று. வயது குறைந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மணிதான் படுத்தியது. விடிந்ததிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். காலை ஏழு என்றால் ஒரு மணி. "நாளைக்கு இரண்டு மணிக்கு வகுப்பு" என்றார்கள். மதியம் சாப்பிட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டு, இரண்டு மணிக்குப் போய் நின்றேன். பிள்ளைகள் காலை எட்டுக்கே வந்து, காத்திருந்து, போய்விட்டிருந்தார்கள். உதயாதி நாழிகை எண்ணுகிற என் பாட்டி வந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பாள்.

அந்த வாரமே தெருப் பிள்ளைகள் பின்னால் ஓடிவந்தார்கள். "ஃபெரெஞ்ச்! ஃபெரெஞ்ச்!" வெள்ளைக்காரனைக் கூப்பிடுகிறார்கள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அந்தத் தெருவில் இருந்ததிலேயே கருப்பு நான்தான். அப்புறம்தான் உறைத்தது, இது நம் பரங்கி. பரங்கிமலையிலும் பரங்கிப்பேட்டையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிற அதே சொல் கடல் சுற்றி இங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது. எனக்குப் பெண் பார்த்த நாட்களில் "பையன் கொஞ்சம் நிறம் கம்மி" என்று ஜாக்கிரதையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் என் அம்மா. அவள் பிள்ளையை ஒரு ஊரே பரங்கி என்கிறது. போனில் சொன்னபோது நெடுநேரம் சிரித்தாள். என் மகளோ பொங்கலன்று கூட்டில் கிடந்த பரங்கிக்காயைக் காட்டி, "இது நம்ம சொந்தக்காரங்களா அப்பா?" என்கிறாள்.

சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டேன். டெஃப் என்கிற தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் சுடும் இஞ்செரா, ஆப்பத்துக்கும் தோசைக்கும் பெரியப்பா முறை ஆக வேண்டும். அதன் மேல் விழும் துளைகளுக்கு இவர்கள் 'கண்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். கண் நிறைந்திருந்தால் சுட்டவள் கைராசிக்காரி. புதனும் வெள்ளியும் விரதம், இறைச்சியும் கிடையாது, பாலும் கிடையாது. நம்ம ஊர் வெள்ளிக்கிழமையைவிட இது சுத்தம் என்பது என் மனைவியின் தீர்ப்பு.

மின்சாரம் போனால் "மெப்ராட் ஹெதெ" என்பார்கள். விளக்கு போய்விட்டது என்று அர்த்தம். 'கரண்ட் போச்சு'தான், சொல்லுக்குச் சொல். திரும்ப வந்ததும் தெருப் பிள்ளைகள் கத்துகிற கத்தலுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. ஆனால் போகவும் வரவும் மின்சாரம் என்று ஒன்று இருக்கிறவர்கள் பாக்கியவான்கள். இந்த நாட்டில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இன்னும் இணைப்பே இல்லை. அணை என்றதும் பக்கத்து வீட்டு அம்மா கண்ணைத் துடைப்பது அதனால்தான். 5,150 மெகாவாட்.

அணையின் கொள்ளளவு 7,400 கோடி கன மீட்டர் என்று படித்த அன்றைக்கு என் புத்தி சும்மா இருக்கவில்லை. ஒரு டிஎம்சி என்பது 2.83 கோடி கன மீட்டர். வகுத்துப் பார்த்தேன். 2,600 டிஎம்சிக்கு மேல். மேட்டூர் 93.47. ஆக, இருபத்தெட்டு மேட்டூர்! காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். யாரிடம் காட்டுவது? உச்ச நீதிமன்றம் 2018இல் காவிரியில் நமக்கு ஒதுக்கியது 177.25 டிஎம்சி. அந்தக் கால் டிஎம்சிக்குள் எத்தனை பந்த், எத்தனை உண்ணாவிரதம் இருக்கின்றன என்று இங்கே யாருக்குச் சொல்லிப் புரியவைப்பேன்?

2011 ஏப்ரல் 2ஆம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். அயல்நாட்டுக் கடனை நம்பாமல் சொந்த ஜனங்களிடம் கடன்பத்திரம் விற்றார்கள். அரசு ஊழியர்களின் சம்பளத்தில் பிடித்தார்கள். என் பக்கத்து மேஜைக்காரர் ஒரு மாதச் சம்பளத்தைத் தவணையாகக் கொடுத்தவர். அந்தப் பத்திரத்தைக் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். 2024 ஜூலையில் இந்த நாட்டுப் பணமான பிர்ரின் மதிப்பைச் சந்தையிடம் விட்டார்கள். டாலருக்கு ஐம்பத்தேழு பிர் என்று இருந்தது சில வாரத்தில் நூறைத் தாண்டியது. பத்திரத்தின் மதிப்பும் பாதியானது. "போகட்டும், தண்ணீர் பாதியாகவில்லையே" என்றார்.

அவர் சொல்லித்தான் அந்தப் பழமொழி தெரியும். 'அபாயின் பிள்ளைக்குத் தண்ணீர்த் தாகம்.' இன்னொன்றும் உண்டு. அபாய்க்குத் தங்க ஒரு வீடு இல்லையாம், ஆனால் மரக்கட்டையைச் சுமந்துகொண்டு திரிகிறதாம். மழைக்காலத்தில், அபாய் புறப்படுகிற டானா ஏரிக்குக் கீழே ஆறு செங்கல் நிறத்தில் ஓடும். எகிப்தை வளர்த்த வண்டல் இவர்கள் மலையிலிருந்து அரித்துப் போனது. வண்டல் என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நான் சாப்பிட்டு வளர்ந்த சோறு குடகு மலையின் மண்ணில் விளைந்தது.

2020 ஜூலையில் முதல் முறையாகத் தண்ணீர் தேக்கினார்கள். உணவகத்தில் ஒரே ஆரவாரம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "கீழே இருக்கிறவர்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன்.

மேஜை அமைதியானது. பத்திரக்காரர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "எங்களை யார் கேட்டார்கள்?" 1929இல் பிரிட்டனும் எகிப்தும் பேசி முடித்தன. 1959இல் எகிப்தும் சூடானும் உட்கார்ந்து, எனக்கு 55.5, உனக்கு 18.5 என்று நைலைப் பாகம் பிரித்துக்கொண்டன, பில்லியன் கன மீட்டர் கணக்கில். எகிப்துக்குப் போய்ச் சேரும் தண்ணீரில் சுமார் 85 சதவீதம் எத்தியோப்பிய மலைகளில் பெய்கிற மழை. அந்தத் தாளில் எத்தியோப்பியாவுக்கு ஒரு சொட்டு எழுதவில்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கணக்குக்கு நாங்கள் ஏன் கட்டுப்பட வேண்டும்?

இதை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், கன்னடத்தில். பெங்களூரில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது என்னோடு தங்கியிருந்தவன் மாண்டியாக்காரன். 1892, 1924 என்று இரண்டு வருடத்தையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். காவிரித் தண்ணீரில் மைசூரைக் கட்டிப்போட்ட ஒப்பந்தங்களாம். நான் பதிலுக்குக் கரிகாலனில் ஆரம்பிப்பேன். ஒரு வாரம் பேசாமலே இருந்தோம், சமையல் மட்டும் ஒன்றாக. அவனிடம் தோற்காத வழக்கில் இங்கே ஒரு காப்பிக்குள் தோற்றேன். நியாயம் இவர்கள் பக்கமும் இருக்கிறது. அது மாண்டியாக்காரன் பக்கமும் இருந்திருக்குமோ என்று நினைக்கும்போது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

வித்தியாசம் ஒன்று உண்டு. இது மின்சார அணை. டர்பைன் சுழல வேண்டும் என்றால் தண்ணீரைக் கீழே விட்டே ஆக வேண்டும். வயலுக்குத் திருப்பிவிடுகிற கால்வாய் இங்கே இல்லை. நல்ல மழை வருடத்தில் எகிப்து பயப்பட ஒன்றும் இல்லை. தொடர்ந்து நாலு வருடம் பொய்த்தால் எவ்வளவு விடுவீர்கள், எழுதிக் கொடுங்கள் என்கிறது எகிப்து. எழுதித் தர மாட்டோம் என்கிறது இந்த ஊர். பற்றாக்குறை வருடத்தில் பங்கு எப்படி என்கிற கேள்வி. அப்பாவும் ஊர்ப் பெரியவர்களும் மதகடியில் உட்கார்ந்து பேசியது முழுக்க இதுதான். 2012இலிருந்து எட்டு வருடம், வழக்கமான ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறக்கவில்லை. 2016 சம்பா கண்ணெதிரே கருகியது. நான் விமானம் ஏறியதற்கு ஆப்பிரிக்கா மேல் இருந்த ஆசை காரணம் இல்லை.

ஊரிலிருந்து நண்பர்கள் வந்தால் திஸ் அபாய் அருவிக்குக் கூட்டிப் போவேன். திஸ் என்றால் புகை. ஒகேனக்கல்லும் கன்னடத்தில் புகைக்கல்தானே. பெரும்பாலான மாதங்களில் புகை கம்மிதான். தண்ணீரை மின் நிலையத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். ஒகேனக்கல்லுக்குப் போனால் பரிசலும் மீன் வறுவலும் உண்டு. இங்கே ஏரியில் கோரை மாதிரி ஒரு புல்லில் கட்டிய படகில் போகிறார்கள். ஏறினேன். நீச்சல் தெரியாதவன் ஏறக் கூடாத படகு என்பதை நடு ஏரியில் தெரிந்துகொண்டேன்.

சண்டையைப் பற்றி அதிகம் எழுதத் தோன்றவில்லை. 2019 ஜூன் 22ஆம் தேதி இந்த ஊரில் மாநிலத் தலைவரையே சுட்டுக் கொன்றார்கள். அதே வருடம் பிரதமர் அபிய் அகமதுக்கு அமைதிக்கான நோபல் பரிசு. அடுத்த வருடம் வடக்கே திக்ராய் மாநிலத்தில் போர். இங்குள்ள விமான நிலையத்தைக் குறிவைத்து ராக்கெட் வந்த இரவில் மகளைக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்தோம். 2022 நவம்பரில் பிரிட்டோரியாவில் ஒப்பந்தம் கையெழுத்தாகி அது ஓய்ந்தது. மூச்சு விடுவதற்குள் 2023 ஆகஸ்டில் எங்கள் அம்ஹாரா மாநிலத்திலேயே ஃபானோ என்கிற உள்ளூர் ஆயுதப் படையினருக்கும் ராணுவத்துக்கும் மூண்டது. ஊரடங்கு. கைபேசியில் இணையம் கிட்டத்தட்ட ஒரு வருடம் இல்லை. ஊருக்குச் சாதாரண அழைப்புதான், காசைக் கரைத்துக்கொண்டு. அந்த ஆகஸ்டில் மேட்டூர் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா நலம் விசாரிப்பதற்கு முன்னால் எத்தனை அடி என்று சொல்லிவிடுவார். பின்னணியில் வெடித்தது. "என்னடா சத்தம்?" "பட்டாசுப்பா." "எந்த சாமிக்கு?"

இந்த அரசைக் கண்டபடி திட்டுகிறவர்கள் என் மேஜையிலேயே இருக்கிறார்கள். அவர்கள்கூட அணையைத் திட்டிக் கேட்டதில்லை. திறப்பு விழா நாளில் சிப்பாய்கள் நிற்கிற சந்தியிலும் கொடி கட்டியிருந்தது. இவர்களைச் சேர்த்து உட்காரவைக்கிற ஒரே விஷயம் அதுதான் போலிருக்கிறது. நம் ஊரில் காவிரிக்கு மட்டும் எல்லாக் கட்சியும் ஒரே மேடையில் ஏறுமே, அது மாதிரி. ஒன்று தலைமடை, மற்றது கடைமடை.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். இணையம் இருந்தது, முகம் தெரிந்தது. அந்த வருடம் ஜூன் 12ஆம் தேதியே மேட்டூர் திறந்து, மாதக் கடைசியில் நிரம்பியும் இருந்தது. மனிதர் நல்ல மனநிலையில் இருந்தார்.

"அங்க ஏதோ டேம் தொறந்துருக்காங்களாமே, டிவில காட்டுனான். எத்தன டிஎம்சி?"

சட்டைப் பைக்குள் இத்தனை வருடம் வைத்திருந்த எண்ணைச் சொன்னேன். அவர் தப்பாகக் காதில் விழுந்தது என்று நினைத்து மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். இருபத்தெட்டு மேட்டூர் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தால் அவர் கண் சிமிட்டுவது தெரிந்தது.

"கீழ யாருடா இருக்கா?"

"சூடான். அதுக்கும் கீழ எகிப்து."

"எல்லையில தண்ணி அளக்கறதுக்கு பிலிகுண்டுலு மாதிரி ஏதாச்சும் வச்சுருக்காங்களா?"

"விசாரிச்சுச் சொல்றேன்பா."

"விசாரி" என்றார். "நீ அங்க சும்மாதான இருக்க."