சிசிஎன்ஏ ரெண்டாவது அட்டெம்ப்ட்ல பாஸ்: பழைய பிசிய ரவுட்டர் ஆக்குன கதை

சிசிஎன்ஏ, அதாவது சிஸ்கோவோட நெட்வொர்க்கிங் பரீட்சை, நேத்து சாயங்காலம் எழுதுனேன், பாஸ். மொத தடவை கவுந்தாச்சு, இது ரெண்டாவது. கேள்வி என்ன வந்துச்சுன்னு பிஎம் பண்ணாதீங்க, வெளிய சொல்லக் கூடாதுன்னு ஒப்பந்தம் (என்டிஏ) இருக்கு லா.

மொத தடவை வெறும் வீடியோவும், நெட்வொர்க்க ஸ்க்ரீன்லயே போலியா கட்டிப் பாக்குற பாக்கெட் ட்ரேசரும்தான். அதுல பச்சை லைட் எரிஞ்சா நாமளும் கெட்டிக்காரன்னு நெனைச்சுக்குவோம். தோத்த கடுப்புல, தூசி பிடிச்சுக் கெடந்த ஆபீஸ் பிசிய எடுத்து, லோ யாட் கம்ப்யூட்டர் மால்ல ஒரு இன்டெல் நெட்வொர்க் கார்ட் வாங்கி சொருகி, டெபியன் லினக்ஸ் போட்டு, எஃப்ஆர்ஆர்ங்கிற ரவுட்டிங் சாஃப்ட்வேர் ஏத்தி, கேஎல் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு அதையே ரவுட்டரா வச்சிட்டேன். யூனிஃபை இன்டர்நெட் லைன், விலான் 500 (எந்த நெட்வொர்க்னு சொல்ற நம்பர்) டேக் பண்ணி பிபிபிஓஇ (லைன்ல லாகின் பண்ற முறை) டயல். அம்மா சீரியல் நேரத்துல லைன் கட்டாச்சுன்னா விழுற திட்டு சிலபஸ்ல இல்ல.

அப்புறம் பட்டர்வொர்த்ல அண்ணன் வீட்லயும் ஒரு பிசி, நடுவுல வயர்கார்ட் டனல் (ரெண்டு வீட்டையும் சேக்குற விபிஎன்), அதுக்கு மேல ரவுட்டருங்க தங்களுக்குள்ள வழி சொல்லிக்கிற ஓஎஸ்பிஎஃப். இங்கதான் மாட்டுனேன். நெய்பர் (எதிர்ப்பக்க ரவுட்டர்) வருது ஆனா கடைசி ஸ்டேட்டான ஃபுல் ஆகல, நடுவுல எக்ஸ்ஸ்டார்ட்லயே நிக்குது. ரெண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டிய செட்டிங்ஸ், ஹலோ 10, டெட் 40, ஏரியா 0, எல்லாம் சரி. மூணு ராத்திரி. "டேய் நாளைக்கு வேலைக்குப் போணும்டா"ன்னு அண்ணன் போன வச்சிட்டாரு.

காரணம் எம்டியுதான், அதாவது ஒரு பாக்கெட் எவ்ளோ பெருசா போலாம்ங்கிற அளவு. பிபிபிஓஇ 8 பைட் தின்னுரும், என் லைன் 1492. வயர்கார்டுக்கு 80 விட்டா என் பக்கம் 1412. அண்ணன் பிசி மோடம் பின்னாடி சாதா ஈதர்நெட், 1500, அதனால அங்க 1420. ஓஎஸ்பிஎஃப் மொதல்ல அனுப்புற ஹலோ பாக்கெட்ல எம்டியு கெடையாது, அதான் நெய்பர் வந்துருது. அதுக்கப்புறம் டேட்டாபேஸ் விவரம் சொல்ற டிபிடி பாக்கெட்லதான் இருக்கு, அவரு அனுப்புற பெரிய எம்டியுவ பாத்து என் பிசி தூக்கிப் போட்டுருது. ரெண்டு பக்கமும் 1412 வச்சேன், உடனே ஃபுல். எம்டியு இக்னோர் கமாண்ட் போட்டு தப்பிக்காதீங்க, நெய்பர் ஃபுல் ஆயிரும், ஆனா டனல்ல சைஸ் அப்புடியேதான் ஒத்துப்போகாம இருக்கும்.

மத்தது:
- ஓஎஸ்பிஎஃப் ஸ்டேட்ட பேரா மனப்பாடம் பண்ணாதீங்க, எதுல எந்தப் பாக்கெட் போகுதுன்னு பாருங்க, பாக்கெட்ட பிடிச்சுக் காட்டுற டிசிபிடம்ப் போதும்.
- டெபியன் தானா பாக்கெட்ட ஃபார்வர்ட் பண்ணாது, ஐபி ஃபார்வர்ட 1 ஆக்கணும். இதுல எனக்கு ஒரு ஞாயித்துக்கெழம போச்சு.
- பரீட்சை 120 நிமிஷம், பின்னால போய் பதில மாத்த முடியாது. சப்நெட்டிங் (ஐபி அட்ரஸ பிரிக்கிற கணக்கு) கை தானா போடணும்.
- எஸ்டிபி (ஸ்விட்ச்ல லூப்ப தடுக்குறது), ஈதர்சேனல் (பல கேபிள ஒண்ணாக்குறது) மாதிரி ஸ்விட்ச் விஷயத்துக்கு பிசி ஒதவாது, அதுக்கு ட்ரேசர்தான்.

வயர்லெஸ் நான் மனப்பாடம்தான் அடிச்சேன், அதுக்கு என்கிட்ட ஐடியா கேக்காதீங்க.