கல்யாண மண்டபத்துச் சிக்னல்

ஒரு சந்திப்பில் சிக்னல் தேவையா என்று பார்க்க, காலை ஆறு மணிக்கே ஆட்களை நிறுத்தி வண்டிகளை எண்ணுவோம். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று தாள் தாளாக நிறையும். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1985-ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள்தான் அளவுகோல். இரண்டு சாலைகளிலும் சந்திப்புக்கு வரும் ஒவ்வொரு பக்கமும் ஒரே தடம் என்றால், பிரதான சாலையில் இருபுறமும் சேர்த்து மணிக்கு 650 வண்டிகள், கிளைச் சாலையில் ஒரு பக்கமிருந்து 200. எட்டு மணி நேரமாவது அப்படி வரவேண்டும். இல்லையென்றால், மற்ற வழிகளைச் செய்து பார்த்தும் 12 மாதத்தில் ஐந்து விபத்தாவது நடந்திருக்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கல்யாண மண்டபத்துக்கு எதிரே சிக்னல் கேட்டுக் கடிதம் வந்தது. பரிந்துரைத்தவர் ஆளுங்கட்சிப் பிரமுகர். எண்ணினோம். முகூர்த்த நாளில்கூடக் கிளைத் தெரு 200-ஐ நெருங்கவில்லை. 'தேவையில்லை' என்று எழுதினேன்.

"அந்த வரியை எடுத்துட்டு, பரிசீலிக்கலாம்னு போடுங்க தம்பி" என்றார் மேலதிகாரி.

மாற்றிக் கொடுத்தேன். கையெழுத்தும் என்னுடையதுதான். சிக்னல் வந்தது. காலியான தெருவுக்காகச் சிவப்பில் காத்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? முன்னால் போகிறவர் நிற்பார், பின்னால் வருகிறவர் நிற்காமல் வந்து இடிப்பார். அங்கே அதுதான் நடந்தது. சில மாதத்தில் மஞ்சள் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

அதே வாரம் ஊரின் மறுகோடியில் ஓர் அரசுப் பள்ளி வாசலிலும் எண்ணியிருந்தோம். ஒரு வருடத்து விபத்துகள் ஐந்தைத் தாண்டிவிட்ட இடம். ஓர் அம்மா பிள்ளையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடுத்திட்டில் நின்றார். லாரி போன காற்றில் பிள்ளையின் ரிப்பன் முகத்தில் அடித்தது. அந்தக் கோப்பு 'நிதி இல்லை' என்று திரும்பி வந்தது.

சிபாரிசே கூடாது என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. ஜனங்கள் தங்கள் எம்.எல்.ஏ.விடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பார்கள்? அந்தப் பள்ளிக்காகப் போய்க் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். அப்புறம் தலைமையாசிரியையிடம் கணக்கெடுப்பின் நகலைக் கொடுத்து, மனுவோடு சேர்த்து எம்.எல்.ஏ.விடமும் ஆட்சியரிடமும் கொடுக்கச் சொன்னேன். சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் அது பேச்சுக்கு வந்தது, நிதியும் கிடைத்தது.

விளக்குக்கு நேரம் வைக்க நானே போனேன். பாதசாரி நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்பது கணக்கு. பாட்டி கையைப் பிடித்து வரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது போதாது. ஐந்து நொடி கூட்டி வைத்துவிட்டு வந்தேன்.