பாதி செத்த நோடு

ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று வேலையை ஏற்கும்படி சர்வர்களை இணைப்பதுதான் கிளஸ்டர். அதை அமைத்து முடித்ததும் பெரும்பாலானோர் செய்யும் முதல் சோதனை, ஒரு நோடை, அதாவது அதிலுள்ள ஒரு சர்வரை, ஸ்டாண்ட்பைக்கு (வேலை ஏற்காத காத்திருப்பு நிலைக்கு) மாற்றுவது. கிளஸ்டரை நிர்வகிக்கும் மென்பொருளான பேஸ்மேக்கர் அப்ளிகேஷனை முறையாக நிறுத்தி, நோடு விட்டு நோடு மாறக்கூடிய மிதக்கும் ஐபி முகவரியை விடுவித்து, அடுத்த நோடில் எல்லாவற்றையும் எழுப்பிவிடும். இதை ஃபெயிலோவர் (விழுந்த நோடின் வேலையை மற்றது ஏற்பது) சோதனை என்று ஏற்க எனக்கு மனம் வருவதில்லை. எந்த சர்வரும் சொல்லிக்கொண்டு விழுவதில்லை.

முழுதாக விழுந்த நோடால் கிளஸ்டருக்குப் பெரிய சிக்கல் இல்லை. உயிரோடு இருந்துகொண்டே மற்றதோடு பேச முடியாமல் போன நோடுதான் ஆபத்து. இரண்டே நோடுகள் உள்ள கிளஸ்டரில் நோடுகளைப் பேசவைக்கும் மென்பொருளான கோரோசிங்கின் செய்தி போகும் கேபிளை உருவினால், மற்றது செத்துவிட்டது என்று இரண்டுமே முடிவுகட்டும். இரண்டும் ஒரே டிஸ்க்கில் எழுதத் தொடங்கினால் தரவு சிதைந்துபோகும். எதிர் நோடை வலுக்கட்டாயமாக அணைக்கும் ஸ்டோனித் இருப்பது இதற்காகத்தான்: எதிர் நோடு அணைந்தது உறுதியான பிறகே எஞ்சிய நோடு பொறுப்பை ஏற்கும். சோதனைக்கு இடைஞ்சல் என்று அதை முடக்கிவைக்கும் வழக்கத்தை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

ஸ்டோனித்தையும் சோதித்தாக வேண்டும். ஒருமுறை, ஓடிக்கொண்டிருந்த நோடின் மின்கம்பியையே பிடுங்கினோம். தொலைவிலிருந்து அதை அணைக்க உதவும் மேலாண்மை கார்டுக்கும் அதே மின்சாரம்தான். அதுவும் கூடவே அணைந்தது. எஞ்சிய நோடு அணைக்கும் கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. பதில் வரவில்லை. உறுதி கிடைக்காததால் அப்ளிகேஷனை எழுப்பாமலே காத்துக்கிடந்தது. அது செய்தது முற்றிலும் சரி. நெட்வொர்க் வழியே அணைக்கக்கூடிய பிடியூவை (மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் கருவியை) இரண்டாம் நிலை ஃபென்சிங்காக, அதாவது நோடை அணைத்து ஒதுக்கும் மாற்று வழியாக, சேர்த்த பிறகுதான் அந்தச் சோதனை தேறியது.

அப்ளிகேஷன் அமைப்பில் நான் அதிகம் மெனக்கெடுவது கண்காணிப்புக்கும் நிறுத்தத்துக்கும். ஓடும் புராசஸுக்கு, அதை அப்படியே உறையவைக்கும் ஸ்டாப் சிக்னல் அனுப்பிப் பாருங்கள். பட்டியலில் அது இருக்கும், போர்ட் திறந்தே இருக்கும், ஒரு கோரிக்கைக்கும் விடை வராது. புராசஸ் எண்ணை மட்டும் பார்க்கும் மானிட்டர் எல்லாம் நலம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். டேட்டாபேஸ் என்றால் உண்மையான வினவல் ஒன்றை அனுப்பி விடை வாங்கிப் பார்க்க வேண்டும்.

நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் நிறுத்துவதற்குப் பேஸ்மேக்கர் 20 விநாடிதான் தரும். நெரிசல் வேளையில் நினைவகத்தில் உள்ளதை டிஸ்க்கில் இறக்கிவைக்க டேட்டாபேஸுக்கு அது போதாமல் போகலாம். நிறுத்தம் தோற்றால் நல்ல நோடே ஃபென்சிங்குக்கு ஆளாகும். அதனால் முழுச் சுமையில் ஓடவிட்டு, நின்று முடிய ஆகும் நேரத்தை அளந்து, கால வரம்பை அதைவிடத் தாராளமாகவே வைக்கிறேன். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் அப்ளிகேஷன் தானாகத் தொடங்கும் அமைப்பையும் எல்லா நோடுகளிலும் நீக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் ரீபூட் ஆகி எழும் நோடு, கிளஸ்டரைக் கேட்காமலே அப்ளிகேஷனின் இரண்டாவது பிரதியை ஓட்டத் தொடங்கிவிடும்.