குதிரைப் புத்தகப் பைத்தியம்

பழைய ஆங்கிலச் சிறுவர் நாவல்கள் சேர்ப்பவர்களில் குதிரைக் கதைப் பைத்தியங்கள் தனி ரகம். நானும் அதில் ஒருத்தி.

அன்னா சூவெல்லின் 'பிளாக் பியூட்டி' (1877) எல்லாருக்கும் தெரியும். அது சிறுவர்களுக்காக எழுதப்பட்டதே இல்லை; குதிரைகளோடு வேலை செய்பவர்கள் படித்துக் கொஞ்சம் இரக்கம் காட்டட்டும் என்று எழுதியது. கதை சொல்வது குதிரையே. 1936-ல் ஜோனா கேனன் 'எ போனி ஃபார் ஜீன்' எழுதினார். அதில் கதை சொல்வது குதிரை இல்லை, ஒரு சிறுமி. கேனனின் மகள்கள் ஜோசஃபின், டயானா, கிறிஸ்டின் மூவரும் குதிரைக் கதைகளாக எழுதிக் குவித்தார்கள். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி!

எனக்குப் பிடித்தவை இரண்டாம் உலகப் போர்க்காலப் பதிப்புகள். காகிதத் தட்டுப்பாடு என்பதால் மெல்லிய தாள், நெருக்கியடித்த வரிகள், உள்ளே, போர்க்காலச் சிக்கன விதிப்படி அச்சிட்டது என்று காட்டும், புத்தகத்தின் மேல் சிங்கம் உட்கார்ந்திருக்கும் முத்திரை. மேலுறை (அட்டைமேல் போர்த்தும் காகித உறை) இருந்தால் விலை எகிறும். பிள்ளைகள் கையில் அது எங்கே தப்பும்? தப்பியதிலும் விலை அச்சிட்ட மூலையைக் கத்தரித்திருப்பார்கள், பரிசுப் புத்தகமாச்சே.

புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு ஒன்று: பின்னாளில் வந்த மலிவுப் பதிப்புகள் சிலவற்றில் கதையையே சுருக்கிவிட்டார்கள். பக்க எண்ணிக்கையைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

அப்புறம், லயனல் எட்வர்ட்ஸ் படம் வரைந்த 'மூர்லாண்ட் மௌசி' (1929) யாரிடமாவது மேலுறையோடு இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். விலை பேசிக்கொள்ளலாம்.