சோளகம் வீசும் தவணையில் ஐதரசன் சல்பைட்டு

யாழ்ப்பாணத்திலுள்ள எமது கல்லூரியில் 1980களின் நடுப்பகுதியில் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படித்தவர்களுக்கு, வளவின் வடகிழக்கு மூலையில் தனித்து நின்ற ஓட்டுக் கட்டடத்தை நினைவூட்ட வேண்டியதில்லை. மற்ற வகுப்பறைகளிலிருந்து நாற்பது ஐம்பது அடி விலகி, மதிலோடு ஒட்டியதுபோல இருந்த அந்த இரசாயன ஆய்வுகூடத்தை ஏன் இவ்வளவு தூரத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள் என்று, வெயிலில் நடந்து போகும்போதெல்லாம் நாங்கள் முணுமுணுத்ததுண்டு. காரணம் இரண்டாம் தவணையில்தான் விளங்கியது. ஒரு உப்பில் என்னென்ன உலோகங்கள் உண்டு என்று கண்டறியும் பண்பறி பகுப்புக்காக, வாயு தயாரிக்கும் கிப்பின் உபகரணத்தில் இரும்பு சல்பைட்டுத் துண்டுகளின்மேல் ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தை விட்டதும் எழுந்த ஐதரசன் சல்பைட்டு வாயுவின் அழுகல் முட்டை நாற்றத்தை, தென்மேற்கிலிருந்து வீசிய சோளகக் காற்று அப்படியே மதிலுக்கு வெளியே கொண்டுபோய்விட்டது. சோதனைக்குழாயில் கட்மியத்தின் மஞ்சள் வீழ்படிவும் ஈயத்தின் கறுப்பு வீழ்படிவும் தோன்றுவதை நாங்கள் வியந்து பார்த்துக்கொண்டிருக்க, கீழ் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் பாட்டில் வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று வீசும் முதலாம் தவணையில் எங்கள் இரசாயன ஆசிரியர் அந்த வாயுவைத் தொடவே மாட்டார். அம்மாதங்களில் அளவியும் குழாயியுமாக, ஒரு கரைசலைக் கொண்டு இன்னொன்றின் செறிவை அளக்கும் நியமிப்புத்தான் நடக்கும். பாடத்திட்டத்தின் ஒழுங்கைக் காற்றின் திசைக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட அந்த மனிதரையும், அவருக்கு முன்பே காற்றை எண்ணிக் கட்டடத்தை மூலையில் வைத்த, பெயர் தெரியாத மேசனையும் நான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ஆய்வுகூடத்தை ஒட்டி ஒரு சிறு அறை இருந்தது. இரசாயனத் தராசுகள் அங்கேதான் இருந்தன. அமில ஆவி தராசின் உலோகப் பாகங்களை அரித்துவிடும் என்பதால் இடையில் கதவொன்றும், காற்று அசைக்கக்கூடாது என்பதால் உயரத்தில் ஒரேயொரு கண்ணாடி யன்னலும் வைத்திருந்தார்கள். தராசுகள் மேசைமேல் நிற்கவில்லை. சுவருக்குள் செருகிக் கட்டிய தடித்த கொங்கிறீற்றுத் தட்டின்மேல் நின்றன. நிலத்தில் நாங்கள் நடந்தாலும் முள் ஆடாது. ஆனால் காங்கேசன்துறைப் புகைவண்டி போகும்போது மட்டும் சுவரே இலேசாக அதிரும். ஆசிரியர் கையை உயர்த்துவார். பத்துப் பன்னிரண்டு பேரும் நிறைப்படிகளை இடுக்கியில் பிடித்தபடி, கடைசிப் பெட்டி போகும்வரை மூச்சடக்கி நிற்போம். அளவீட்டில் வழு எங்கிருந்தெல்லாம் வரும் என்பதை எந்தப் பாடநூலும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லித் தரவில்லை.

உயிரியல் அறையின் நீண்ட யன்னல் வரிசை வடக்கு நோக்கியிருந்தது. நுணுக்குக்காட்டியின் அடியிலுள்ள ஆடியில் நேர் வெயில் பட்டால் கண் கூசும். வானத்தின் பரவலான வெளிச்சமே வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆனி, ஆடி மாதங்களில் சூரியன் வடக்கே சாய்வதால் அப்போதும் வெயில் உள்ளே எட்டிப்பார்க்காதபடி தாழ்வாரத்தை நன்றாக இறக்கிக் கட்டியிருந்தார்கள். 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோன பின்னரும் அந்த அறையில் வெங்காயத் தோலின் கலங்களைப் பார்க்க முடிந்தது என்று எனக்குப் பின் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எல்லாம் இப்படிச் சிந்தித்துச் செய்யப்பட்டதாகச் சொல்ல முடியாது. சங்கீத வகுப்புக்கு ஒதுக்கிய அறை எங்கள் தூயகணித வகுப்புக்கு அடுத்ததாக இருந்தது, இரண்டுக்கும் நடுவில் அரைச்சுவர். மாயாமாளவகௌளை ஆரோகணத்தில் ஏறும்போது நாங்கள் வகையீட்டில் இறங்கிக்கொண்டிருந்தோம். 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் கொண்டுவந்த தொழில் முன்னிலைப் பாடங்களுக்கென எழுப்பிய கொட்டகையோ எங்கள் காலத்தில் உடைந்த வாங்குகளின் களஞ்சியமாகிவிட்டது.

புவியியல் அறையைப் பற்றி ஒரு வார்த்தை. மலையையே கண்ணால் காணாத குடாநாட்டுப் பிள்ளைகளுக்குச் சமவுயரக் கோடு என்றால் என்னவென்று காட்ட, மட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வெட்டி ஒட்டிய கண்டி மலைநாட்டு மாதிரியொன்று அங்கே இருந்தது. ஒரு மைலை ஓரங்குலமாகக் காட்டும் நில அளவைத் திணைக்களத்தின் ஓரங்குலப் படங்களை மடிக்காமல் வைக்கவென அகலமான, ஆழமில்லாத இழுப்பறைகளும் இருந்தன. மடிப்பில் தேய்ந்த படத்தில் ஆற்றையும் வீதியையும் பிரித்தறிய முடியாது என்று ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்வார். வெளியே முற்றத்தில், மரநிழல் படாத இடத்தில் மழைமானி இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் காலை மணிக்கு முன் அதை அளந்து பலகையில் எழுதுவது எங்கள் முறை.

இலண்டனில் ஓர் இடைநிலைப் பள்ளியின் ஆய்வுகூட உதவியாளராக நான் வேலை செய்யத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இங்கே மாணவர்கள்தான் மணியடித்ததும் பாடத்துக்குரிய அறை தேடிப் போகிறார்கள். ஆசிரியர் தம் அறையிலேயே இருக்கிறார். எரிவாயுவை ஒரே திருகில் நிறுத்தும் வசதி, இரண்டு ஆய்வுகூடங்களுக்கு நடுவே பொருள்களை ஆயத்தம் செய்யும் அறை என எல்லாம் உண்டு. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் கட்டிய புதிய பகுதியில் பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்கு ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடிச் சுவர் வைத்தார்கள். ஒளியியல் செய்முறைக்கு இருட்டு வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. அரியத்தின் நிறமாலையைக் காட்ட வேண்டிய நாளில் நானும் ஆசிரியையும் ஏணி வைத்துக் கறுப்புத் துணி கட்டுகிறோம்.

இவ்வாண்டு எமது கல்லூரியின் புதிய மூன்று மாடிக் கட்டட வரைபடத்தைப் பழைய மாணவர் சங்கம் எங்களுக்கு அனுப்பியிருந்தது. நிதி சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. என் பங்கையும் அனுப்பிவிட்டேன். க.பொ.த. உயர்தரத்தில் 2013இல் வந்த தொழில்நுட்பப் பாடத்துறைக்கும் இரசாயனத்துக்கும் சங்கீதத்துக்கும் அதில் ஒரே நீள அகலமுள்ள அறைகளே வரையப்பட்டிருக்கின்றன. அந்தப் பாட ஆசிரியர்களிடம் வரைபடத்தைக் காட்டினார்களா என்று செயலாளருக்கு எழுதிக் கேட்டேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அதில் வடக்குக் குறியைக் காணவில்லை. ஆகவே கடிதத்தின் அடியில், வடக்கு எந்தப் பக்கம் என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.