39 துறைமுகங்கள்

8 பெப்ரவரி 2020, சனி

நேற்றிலிருந்து மழை விடவில்லை. இரண்டு மாதங்களாகச் சிட்னியை மூடியிருந்த காட்டுத்தீப் புகை கரைந்துவிட்டதால், யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு துறைமுகப் பட்டியலை மறுபடியும் வாசித்தேன். 1770இல் கப்டன் குக் வந்த எண்டெவர் கப்பலின் மாதிரி அவுஸ்திரேலியாவைச் சுற்றி 39 இடங்களில் தங்கப் போகிறது. நானும் அதில் போக இருக்கிறேன்; ஒவ்வோர் இடத்திற்கும் குறிப்பு எழுதுகிறேன். அதற்கு 67 இலட்சம் டொலர் என்று சென்ற ஆண்டு ஜனவரியில் பிரதமர் அறிவித்தார். ‘மீள்பயணம்’ என்ற சொல் அன்றிலிருந்து என்னை உறுத்துகிறது. குக் இந்தக் கண்டத்தைச் சுற்றி வரவே இல்லை. 1770 ஏப்ரலில் தென்கிழக்கு மூலையைக் கண்டு, கிழக்குக் கரையோரமாக வடக்கே ஏறி, ஓகஸ்ட் 22ஆம் திகதி பொசெஷன் தீவில் கொடியேற்றிவிட்டுப் பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போனார். முழுச் சுற்றும் சுற்றியவர் மத்தியூ ஃபிளிண்டர்ஸ், 1802–1803இல், இன்வெஸ்டிகேட்டர் என்ற கப்பலில். அவருடன் போனவர் புரோக்கன் விரிகுடாப் பகுதியின் ஆதிக்குடி மனிதரான பங்கரி. அப்படியிருக்க, மேற்குக் கரையில் கப்பல் கட்டப்பட்டு நிற்கும்போது, மேலே ஏறி வரும் பிள்ளைகளிடம் இது எந்தப் பயணம் என்று நான் சொல்வேன்?

11 பெப்ரவரி, செவ்வாய்

மருத்துவர் முழங்காலை மடக்கியும் நீட்டியும் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே எடுத்த பின்புதான் நான் கப்பலில் போகலாம் என்ற கடிதத்தில் கையெழுத்திடுவதாகச் சொன்னார். நடுப் பாய்மரத்தின் உயரம் 39 மீற்றர் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

14 பெப்ரவரி, வெள்ளி

குக்டவுன் குறிப்பை இன்று முழுவதும் எழுதினேன். மற்ற எல்லா இடங்களையும் விட அந்த இடத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 1770 ஜூன் 11 இரவு, நிலா வெளிச்சத்தில், கப்பல் பவளப்பாறையில் ஏறிவிட்டது. ஏறக்குறைய 23 மணி நேரம் அசையவில்லை. ஆறு பீரங்கிகளையும், அடிப்பாரமாக வைத்திருந்த இரும்பையும் கல்லையும், பீப்பாய்களையும் கடலில் எறிந்தார்கள். அந்த எடை நாற்பது, ஐம்பது தொன் இருக்கும். நான்கு நீரிறைக்கும் குழாய்களில் மூன்றுதான் வேலை செய்தன. தாவரவியலாளர் பாங்க்ஸ் உட்பட எல்லோரும் முறை வைத்து இறைத்தார்கள். பாறையை விட்டு மிதந்த பின், பழைய பாய் ஒன்றில் கம்பளி மயிரையும் கயிற்று நாரையும் சாணத்தையும் அப்பித் தைத்து, கப்பலின் அடியால் இழுத்து ஓட்டையை மூடினார்கள். இன்று குக்டவுன் இருக்கும் ஆற்று முகத்தில் கரையேற்றிப் பார்த்தபோது, உடைந்த பவளத் துண்டொன்று ஓட்டையிலேயே சிக்கி அதைப் பாதி அடைத்திருந்ததாம். அந்தத் துண்டு விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பீரங்கிகளை 1969இல் கடலடியிலிருந்து எடுத்தார்கள்.

அந்த ஆற்றங்கரையில் ஏழு வாரம் இருந்தார்கள். கரை கூகு யிமிதிர் மக்களுடையது. கப்பலார் ஆமைகளைப் பிடித்துக் கப்பலின் மேல்தட்டில் அடுக்கினார்கள், அந்த மக்கள் வந்து தங்கள் கடலின் ஆமையில் ஒன்றைக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. அந்த மக்கள் புல்லுக்குத் தீ வைத்தார்கள், குக் சுட்டார். பிறகு முனையில்லாத ஈட்டியோடு ஒரு முதியவர் வந்து சமாதானம் பேசினார். இந்த முதியவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது.

15 பெப்ரவரி, சனி

ஆமைப் பகுதி சரியாக வரவில்லை.

20 பெப்ரவரி, வியாழன்

கராஜில் கயிறு பின்னிப் பழகினேன். கைவிரல்கள் எரிகின்றன. பருத்தித்துறையிலிருந்து அக்கா அழைத்தபோது, பெத்தப்பாவின் வத்தை என்ற பாய்ப்படகில் வழங்கிய சொற்களை இருவருமாக நினைவுபடுத்தினோம்: பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான், பாயின் மூலையை இழுத்துக் கட்டும் கயிறு தாமான், கப்பலின் முன்புறம் அணியம், பலகை இடுக்கை அடைக்கும் வேலை கலப்பத்து. எண்டெவரில் ஏறக்குறைய 30 கிலோமீற்றர் கயிறு இருக்கிறது. ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்யும்போது, என் வாயில் முதலில் பெத்தப்பாவின் சொல்தான் வருகிறது. தமிழ்ப் பிள்ளைகள் ஏறினால் அவர்களுக்கு இந்தச் சொற்களைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

23 பெப்ரவரி, ஞாயிறு

பேத்தி கேட்டாள்: “அம்மம்மா, துப்பாயா ஏன் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை?”

2 மார்ச், திங்கள்

பதிலை ஒரு வாரமாக எழுதிப் பார்க்கிறேன். துப்பாயா ரயாத்தேயாத் தீவின் பூசகர், கடலோடி. 1769 ஜூலையில் தாஹிற்றியிலிருந்து கப்பலில் ஏறினார். நியூசிலாந்தில் மவோரி மக்கள் அவருடைய பேச்சைப் புரிந்துகொண்டார்கள். பொட்டனி விரிகுடாவில், 1770 ஏப்ரல் 29ஆம் திகதி, குவேகல் ஆண்கள் இருவர் ஈட்டியோடு கரையில் நின்று மறித்தபோது, அவர்கள் பேசியது அவருக்கும் விளங்கவில்லை. குக் சுட்டுவிட்டுத்தான் இறங்கினார். வருகிற மாதம் அந்த நாளுக்கு 250 ஆண்டு நிறைகிறது.

சென்ற ஆண்டு இந்த மாதிரிக் கப்பல் நியூசிலாந்துக்குப் போனபோது, மங்கோனுயி மக்கள் வர வேண்டாம் என்றார்கள்; அந்த இடத்தைப் பயணத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதைப் பலர் அவமானமாகப் பேசினார்கள். எனக்கு அந்தப் பயணத்தில் மிகவும் சரியாக நடந்தது அதுதான் என்று தோன்றுகிறது. கரையில் உள்ளவர் வேண்டாம் என்றதும் கப்பல் விலகிப் போனது 1770இல் நடக்காத ஒன்று. ஆகவே குறிப்புகள் முழுவதையும் மாற்றி எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வோர் இடத்திற்கும் முதல் வரியாக, அந்தக் கரை யாருடையது, இறங்குவதற்கு முன் யாரிடம் கேட்க வேண்டும் என்பது வரும். குக் வராத துறைகளில் பங்கரியின் பெயரை ஃபிளிண்டர்ஸின் பெயருக்கு முன்னால் எழுதுவேன். ஒருங்கிணைப்பாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஐந்து இடங்களுக்கு மாதிரி அனுப்பச் சொன்னார்.

9 மார்ச், திங்கள்

எக்ஸ்ரேயில் பிழை எதுவும் இல்லை. மருத்துவர் கையெழுத்திட்டுவிட்டார்! இவரும் நானும் பாயாசம் வைத்துக் குடித்தோம்.

13 மார்ச், வெள்ளி

திங்கட்கிழமை முதல் 500 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று பிரதமர் அறிவித்திருக்கிறார். ஐந்து குறிப்புகளில் நான்கை அனுப்பிவிட்டேன்.

16 மார்ச், திங்கள்

கொரோனாச் செய்திகளை இவர் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் பத்தேவியாவை நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்கர்வி என்ற விற்றமின் சி குறைபாட்டு நோய்க்கு ஓர் ஆளைக்கூடப் பலி கொடுக்காமல் வந்த கப்பல், பத்தேவியாவில் பழுது பார்க்க நின்ற இரண்டரை மாதங்களில் காய்ச்சலையும் வயிற்றுளைச்சலையும் ஏற்றிக்கொண்டது. கேப்டவுனை அடைவதற்குள் ஏறக்குறைய முப்பது பேர் இறந்தார்கள். முதலில் போனவர்களில் துப்பாயாவுடன் வந்த சிறுவன் தையாத்தாவும், சில நாள் கழித்துத் துப்பாயாவும் இருந்தார்கள். பேத்திக்கு இதை எப்படிச் சொல்வது? மாதிரிக் கப்பலிலும் ஊஞ்சற் படுக்கைகளை நெருக்கமாகத்தான் கட்டுவார்கள். 2018இல் அதில் தூங்கியபோது, பக்கத்துப் பெண்ணின் மூச்சு என் கன்னத்தில் பட்டது.

19 மார்ச், வியாழன்

நாளை நள்ளிரவிலிருந்து, தஸ்மேனியாவுக்குள் வருபவர்கள் 14 நாள் தனித்திருக்க வேண்டும். ஹோபார்ட் குறிப்பு நேற்றுத்தான் முடிந்தது.

24 மார்ச், செவ்வாய்

பயணம் இடைநிறுத்தப்பட்டிருக்கிறது. இன்று தென் அவுஸ்திரேலியா, மேற்கு அவுஸ்திரேலியா, வட பிரதேசம் ஆகியவையும் எல்லைகளை மூடுகின்றன. சுவரில் ஒட்டிய வரைபடத்தின் முன் நெடுநேரம் நின்றேன். இடைநிறுத்தம் என்றால் கைவிட்டதாக ஆகாது என்று இவரிடம் சொன்னேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டுத் தேநீர் போடப் போனார். மருத்துவரின் கடிதத்தை மடித்து, கயிற்றுச் சுருளுக்குள் வைத்திருக்கிறேன்.

25 மார்ச், புதன்

இன்று நள்ளிரவு குயின்ஸ்லாந்தும் மூடுகிறது. குக்டவுனில் கூகு யிமிதிர் மக்கள் ஆமை கேட்ட பகுதியை, அவர்களின் பக்கத்தில் நின்று, முதல் வரியிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினேன். மேல்தட்டில் பன்னிரண்டு ஆமைகள் இருந்தன. அவர்கள் ஒன்றைத்தான் கேட்டார்கள்.